இராசையா பாஸின் பதினொரு ஜன்னல்கள்

"கண்ணாடியில ஒரு பழுதும் இல்ல. அது நல்ல கண்ணாடி."

நான் இப்படிச் சொன்னதும் என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு நஸ்மியா, கையில் எடுத்த பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னைப் பார்த்தாள்.

"கண்ணாடியா? நான் புள்ளட நிறையத்தானே கேட்டன், நானா?"

என் மனைவி ஸகீனா உள்ளேயிருந்து வந்தாள். "மூணு கிலோ நூறு. அவர்ட்ட கேக்காத நஸ்மியா. காலையில இருந்து அவருக்கு இதே பேச்சுத்தான். பால்காரன் வந்து எத்தன போத்தல்னு கேட்டான், அவனுக்கும் கண்ணாடியில பழுது இல்லையாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பேத்தி பிறந்து இன்றைக்கு ஒன்பது நாள். பெயர் நூருல் இனாயா. இந்த ஒன்பது நாளும் அவளுடைய மூன்று கிலோ நூறை மீன்காரனுக்குச் சொல்லியிருக்கிறேன், பஸ் கண்டக்டருக்குச் சொல்லியிருக்கிறேன், கண்ணாடி வெட்ட வந்த ஆட்களுக்கெல்லாம் கேட்காமலே சொல்லியிருக்கிறேன். இன்றைக்குத்தான் நாக்கு வேறு பக்கம் போய்விட்டது. காலையில் இராசையா பாஸ் வந்து போனார். அவர் போன நேரத்தில் இருந்து, யாரும் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பதில் உண்மைதான். கண்ணாடியில் பழுது இல்லை. ஆனால் அந்த உண்மையைச் சொல்லித்தான் நான் அவரைக் கெடுத்தேன். அதனால் அவரைப் பற்றி எழுத வேண்டும். நான் ஆறாம் வகுப்புவரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் மரவேலைக்காரரையும் மேசன் வேலைக்காரரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இராசையா பாஸ் தெமோதரைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். அவருடைய அம்மா கருப்பம்மா, தோட்டத்துப் பெரிய பங்களாவில் வெளிப்புறம் கூட்டித் துடைக்கிற வேலை செய்தவர். பாஸ் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். "நம்ம ரெண்டு பேரு படிப்பையும் கூட்டுனா பதினோராம் வகுப்பு, ஒரு ஓ.எல். வரும் முதலாளி, பரீட்சைக்கு ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில ஒக்காருவோம்" என்று என் கண்ணாடிக் கடைக்கு வரும்போதெல்லாம் சொல்லுவார்.

பதினைந்து வயதில் அவரைத் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கப் போட்டார்கள். அப்போது தேயிலையைப் பலகைப் பெட்டியில்தான் அனுப்புவார்கள். பெட்டிக்கு உள்ளே ஈயத்தாள் ஒட்ட வேண்டும். ஏன் என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"தேயிலை மாதிரி தாகம் புடிச்ச சாமான் ஒலகத்துல இல்ல முதலாளி. பெட்டியில ஊசி முனை ஓட்டை இருந்தா போதும், மலையில இருக்கிற பனி பூராவையும் உள்ள இழுத்துக் குடிச்சுரும்."

அவருடைய அம்மாவும் அதை அறிந்தவர்தான். வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்ததாம். பிறப்புச் சான்றிதழ், பிரஜா உரிமைக் காகிதம், அடையாள அட்டை எல்லாம் அதில்தான். அந்தக் காகிதங்களுக்கு நடுவில் நன்றாக வறுத்த தேயிலையைத் துணியில் முடிந்து வைத்திருப்பாராம். அடைமழைக் காலத்தில் கூரை ஒழுகி லயத்தில் எல்லார் வீட்டுக் காகிதமும் பூசணம் பிடித்தபோது, கருப்பம்மாவின் காகிதம் மட்டும் மொறுமொறுவென்று இருந்ததாம். இதைச் சொல்லும்போது பாஸின் முகத்தில் ஒரு பெருமை வரும். அந்தத் தகரப் பெட்டியை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தேயிலை காகிதச் சாக்கில் போகத் தொடங்கியது. பெட்டி அறையை மூடினார்கள். பாஸ் கதவு ஜன்னல் வேலைக்கு வந்தார். அப்படித்தான் பதுளை பஸாரில் இருக்கும் என் கண்ணாடிக் கடைக்கும் வந்தார். இருபத்திரண்டு வருடம் என்னிடம்தான் கண்ணாடி வாங்கினார்.

அவர் அளவை எழுதிக்கொண்டு வரமாட்டார். இலக்கம் எழுதினால் எங்கேயாவது மாறிவிடும் என்று பயம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு மூங்கில் சிம்பு சீவி, அதில் நீளத்துக்கு ஒரு கீறல், அகலத்துக்கு ஒரு கீறல் போட்டுக் கொண்டுவருவார். நான் சிம்பை மேசையில் வைத்து வெட்டுவேன். ஒரு தடவைகூட ஒரு மயிரிழை கூடியதில்லை, குறைந்ததில்லை. மற்ற பாஸ்மார் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, வெட்டின பிறகு வந்து சண்டை பிடிப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கருப்பம்மா வேலை செய்த அதே பங்களாவைக் கொழும்புக்காரர் ஒருவர் எடுத்து, வெளிநாட்டு ஆட்கள் தங்குகிற இடமாக மாற்றினார். அதை நடத்த வந்தவர் ரமேஸ் என்ற தம்பி. நல்ல பிள்ளை, ஆனால் எல்லாம் நேற்றே முடிந்திருக்க வேண்டும் அவருக்கு. தங்க வந்தவர்கள் இரண்டு முறைப்பாடு சொன்னார்களாம். ஒன்று, ஜன்னல் வழியாகக் காற்று ஊசி மாதிரி குத்துகிறது. மற்றது, விடியற்காலை ரயில் தலைமாட்டில் ஓடுகிறது. எனவே இரட்டைக் கண்ணாடி போட வேண்டும். பழைய ஜன்னல்களைக் கழற்றி எறிந்துவிட்டு முழுக்க அலுமினியத்தில் செய்யக் கொழும்பில் இருந்து ஆட்கள் அளந்துகொண்டு போனார்கள்.

அன்றைக்குப் பாஸ் அங்கே ஒரு கதவைத் தாங்குகிற பிணைச்சலை மாற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். நேரே ரமேஸிடம் போய், ஜன்னல் சட்டத்தில் பெருவிரல் நகத்தை வைத்து அழுத்திக் காட்டினாராம்.

"பாருங்க சார், நகம் எறங்குதா? இது பழைய தேக்கு. இத ஏன் எறியுறீங்க? கண்ணாடி நிக்கிற காடிய ஆழமாக்கி இதுலயே ரெண்டு கண்ணாடி ஒக்கார வைக்கிறேன்."

"சரி வரல்லைன்னா பாஸ்?"

"வரல்லைன்னா பதினொரு ஜன்னலையும் அடுப்புல போடுங்க. நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

இந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு அதை அவரே சிரித்துக்கொண்டு வந்து சொன்னார். அந்தப் பதினொரு ஜன்னல்களும் அவருக்கு என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய அம்மா வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கண்ணாடிகளை வெளியில் நின்று துடைப்பார். பாஸ் சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் வாளியோடு நிற்பார். அந்த ஜன்னல்களுக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் அங்கே வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்ததாம்.

பதினொரு மூங்கில் சிம்பு என் கடைக்கு வந்தது. நான் இருபத்திரண்டு கண்ணாடி வெட்டினேன்.

இரட்டைக் கண்ணாடி எனக்கும் புது வேலை. கொழும்பில் ஒரு கடையில் கேட்டுக்கொண்டேன். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் உள்ளே பொந்தாக இருக்கும் ஒரு அலுமினியப் பட்டை வைக்க வேண்டும். அந்தப் பொந்துக்குள் ஈரம் உறிஞ்சுகிற மணி நிரப்ப வேண்டும். பார்த்தால் சவ்வரிசி மாதிரி இருக்கும். அது இல்லாமல் அடைத்தால் நடுவில் மூச்சு பிடித்த மாதிரி பனி கட்டும், பிறகு அதைத் துடைக்க வழியில்லை. இதை நான் பாஸுக்குச் சொன்னேன். ஒரு பை மணியும் கொடுத்தேன். அதுவரை நான் சரியாகத்தான் செய்தேன்.

முதல் ஜன்னல் முடிந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார். போனேன். ரயில் தெமோதரைப் பக்கம் போகிற நேரம். ஜன்னலை மூடினார். ரயில் போவது தெரிகிறது, சத்தம் இல்லை. திறந்தார், சத்தம் வந்தது. மறுபடி மூடினார், மறுபடி திறந்தார்.

"போதும் பாஸ், ரயில் போயிரும்" என்றேன்.

"அம்மா இதுக்கு உள்ளுக்க நின்னு ரயில பாத்ததே இல்ல முதலாளி" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை மூடினார்.

கண்ணாடி இரண்டானதால் பாரம் கூடும் என்று ஒவ்வொரு ஜன்னல் கதவுக்கும் மூன்றாவது பிணைச்சல் போட்டிருந்தார். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏழு ஜன்னல் முடிந்ததும் மணி தீர்ந்துவிட்டது. கொழும்பில் இருந்து வர வேண்டிய பார்சல் திங்கட்கிழமைதான் வரும். ரமேஸுக்கோ ஞாயிறு மாலை ஆட்கள் வருகிறார்கள். அந்த ஞாயிறுதான் என் மகள் ஷஹீலாவின் கல்யாணம்.

சனிக்கிழமை பகல் பாஸ் எனக்குப் போன் எடுத்தார். ஒரு பக்கம் சமையல்காரர் நெய் போதாது என்கிறார், ஒரு பக்கம் பந்தல்காரன் மழை வரும் என்கிறான். போன் காதில் இருந்தது, மனம் அதில் இல்லை.

"முதலாளி, மணி முடிஞ்சிருச்சு. இன்னும் நாலு ஜன்னல் இருக்கு. ரமேஸ் சார் நெருக்குறாரு. திங்கக்கெழம வரைக்கும் நிப்பாட்டவா?"

"பாஸ், உங்களுக்குத் தெரியாததா? ஈரம் இழுக்கிற ஏதாச்சும் போட்டு அடைங்களே! நான் கல்யாண வீட்டுல நிக்கிறன்."

சொன்னது அவ்வளவுதான். வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பாஸ் வெள்ளைச் சட்டையோடு கல்யாணத்துக்கு வந்தார். சஹனில் என்னோடு ஒரே பெரிய தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். "வேலை முடிஞ்சிருச்சு முதலாளி" என்றார். எதைப் போட்டு அடைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்தேன்.

ஆவணி, புரட்டாசி நல்ல வெயில். ஜன்னல்கள் பளிங்கு மாதிரி இருந்தன. ரமேஸ் கண்டவரிடமெல்லாம் பாஸைப் பற்றிச் சொன்னார். பண்டாரவளையில் இருந்துகூட ஒருவர் பாஸைத் தேடி வந்தார். பிறகு கார்த்திகை மழை பிடித்தது. ஒருநாள் ரமேஸ் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னார்.

ஏழு ஜன்னல் அப்படியே தெளிவாக இருந்தன. நான்கு ஜன்னலில், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில், மேலிருந்து கீழே பழுப்புக் கோடுகள் வழிந்திருந்தன. அழுத கண்ணில் மை வழிந்த மாதிரி.

"என்ன இது? யாரோ உள்ளுக்கு ப்ளேன்டீ ஊத்தின மாதிரி இருக்கு" என்றார் ரமேஸ்.

ரமேஸுக்கு விளங்கவில்லை. எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. கருப்பம்மாவின் தகரப் பெட்டி கண் முன்னால் வந்தது. பாஸ் நல்ல தேயிலையை வறுத்து, ஆறவைத்து, அந்தப் பொந்துக்குள் நிரப்பியிருக்கிறார். ஈரம் இழுக்கிற ஏதாவது என்று நான் சொன்னேன், அவருக்குத் தெரிந்ததில் அதைவிட நல்லது எது? தகரப் பெட்டி இருட்டில் இருந்தது. ஜன்னல் வெயிலில் நிற்கிறது. மழையில் குடித்த ஈரத்தைத் தேயிலை வெயிலில் கக்கிவிட்டது, தன் சாயத்தோடு.

பாஸ் என்னைப் பார்த்தார். போனில் நான் சொன்ன வார்த்தையை நானே சொல்லுவேன் என்று பார்த்தார். இப்போது எனக்கு அது நிச்சயம். அப்போதும் நிச்சயமாகத்தான் இருந்தது.

நான் சொன்னேன்: "கண்ணாடியில ஒரு பழுதும் இல்ல தம்பி. அது நல்ல கண்ணாடி."

பாஸின் முகம் மாறியது. அவரும் சொன்னார்: "நான் அடைச்சதுல குத்தம் இல்ல சார். கண்ணாடி பழைய சரக்கா இருக்கும்."

"என்ட கடையில பழைய சரக்கா?" என்று நான் கத்தினேன். கத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ரமேஸ் கையைத் தூக்கி நிறுத்தினார். "நீங்க அவரச் சொல்றீங்க, அவர் உங்களச் சொல்றாரு. அப்ப என்னால ஒண்ணையும் நம்ப ஏலாது. இன்னைக்கு நாலு, நாளைக்கு மத்த ஏழும் இப்பிடித்தான் வரும். பதினொண்ணையும் கழட்டுறேன்."

மறுநாள் காலை பாஸ் என் கடைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. படியில் நின்றார்.

"முதலாளி, நாலு போனா போகட்டும். ஏழு ஜன்னல் நல்லாத்தானே இருக்கு. அதுல நீங்க குடுத்த மணி இருக்கு. அத மட்டும் ரமேஸ் சார்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாரு. நீங்க கடைக்காரரு, நீங்க சொன்னா கேப்பாரு."

நான் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் சொன்னேன்: "பழைய சரக்கு விக்கிறவன் சொன்னா ஆரு நம்புவா? நீங்களே போய்ச் சொல்லுங்க."

 அவர் படியில் இருந்து இறங்கிப் போய்விட்டார்.

போய்ச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்திருக்கும். ஏழு ஜன்னலில் மணி, நாலில் தேயிலை, தேயிலை போடும்படி ஆனது என் வாயால் என்று சொல்லியிருந்தால் போதும். ரமேஸ் ஏழையும் விட்டிருப்பார். நாலையும் பிரித்து மணி போட்டு அடைத்திருக்கலாம். திங்கட்கிழமை வந்த அந்தப் பை, பிரிக்காமல் என் கடை அலுமாரியில்தான் இருந்தது. சொன்னால், கண்ணாடிக்காரனுக்கே இரட்டைக் கண்ணாடி தெரியாது என்று பஸாரில் பேசுவார்கள் என்று நினைத்தேன். பேசியிருப்பார்கள், ஒரு கிழமை. பிறகு வேறு பேச்சு வந்திருக்கும்.

பதினொரு ஜன்னலையும் கழற்றினார்கள். கண்ணாடியை உடைத்தார்கள். சட்டங்களைக் கோடரியால் பிளந்து, தங்க வருகிறவர்கள் குளிக்க வெந்நீர் காய்ச்சுகிற அடுப்புக்குப் போட்டார்கள். தேக்கு சீக்கிரம் பற்றவில்லையாம், மண்ணெண்ணெய் ஊற்றினார்களாம். பாஸ் ஏன் என்று கேட்கவில்லை. அப்படித்தானே அவர் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் ஜன்னல் வேலைக்குக் கூப்பிடவில்லை. என் கடைக்கு வருகிறவர்கள் நல்ல பாஸ் ஒருவரைக் கேட்டால் நான் வேறு பெயரைச் சொன்னேன். அவர் தோட்டத்தில் மம்பட்டிக்குப் பிடி போட்டுக் கொடுக்கிறார், முட்டைக்கோவா பாத்திக்குக் காவல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஹாலிஎல பஸ் நிலையத்தில் இரண்டு தடவை கண்டேன். ஒரு தடவை நான் முகத்தைத் திருப்பினேன், ஒரு தடவை அவர்.

அவர் கொண்டுவந்த பதினொரு மூங்கில் சிம்பும் கடை மேசைக்குக் கீழே இருந்தது. எறிய எடுத்தேன். எறியவில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் என் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. கையில் கொடுத்தார்கள். இவ்வளவு சின்ன நகம் நான் கண்டதில்லை. அந்தக் கல்யாணத்தில் வந்த பிள்ளை இது என்று நினைத்தேன். உடனே அந்தச் சனிக்கிழமையும் கூடவே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றே போன் எடுத்தேன்.

"இராசையா பாஸ், ஷஹீலாவுக்குப் புள்ள கெடச்சிருக்கு."

 "ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டார்.

"பொம்பள. வந்து பாருங்க பாஸ்."

"நல்லதுங்க முதலாளி" என்றார். வைத்துவிட்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

எட்டு நாள் வாசல் படலையைப் பார்த்தேன். யார் யாரோ வந்தார்கள். இன்று காலை அவர் வந்தார். கையில் பேபி சோப்பும் கொலோன் போத்தலும் உள்ள ஒரு பெட்டி. தோளில் பழைய ஆயுதப் பை. மெலிந்திருந்தார். பிள்ளையைத் தூக்கச் சொன்னால் மாட்டேன் என்றார். "என் கையி சொரசொரன்னு இருக்கு, புள்ளைக்கு நோகும்." ஷஹீலா விடவில்லை. "சும்மா தூக்குங்க பாஸ் மாமா, அவ ஒடையிற கண்ணாடி இல்ல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாஸ்தான் முதலில் சிரித்தார். கையை இரண்டு தடவை கழுவிவிட்டு வந்து வாங்கினார்.

எங்கள் வீடு ஹாலிஎல பெரிய ரோட்டில். அந்த நேரம் பார்த்து பண்டாரவளை பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. பிள்ளை துள்ளிப்போய் அழுதது. பாஸ் நிமிர்ந்து அந்த அறையின் ஜன்னலைப் பார்த்தார். பழைய மர ஜன்னல், ஒற்றைக் கண்ணாடி, கீழே ஒரு விரல் போகிற இடைவெளி.

ஷஹீலா பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் இரண்டு பேர்தான்.

"பாஸ், அன்னைக்கு போன்ல அப்பிடிச் சொன்ன நான்தான். ரமேஸ் தம்பிக்கு முன்னுக்கு அத நான் சொல்லல்ல."

"தெரியுங்க முதலாளி. நானும் தேயிலைன்னு சொல்லலையே." அவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு ஜன்னல் முதலாளி."

 நான் ரமேஸிடம் போகிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"சாம்பல்கிட்டயா போய் சொல்லப் போறீங்க?"

பிறகு அவர் எழுந்துபோய் ஜன்னல் சட்டத்தில் பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். பையைத் திறந்தார். உள்ளே சீவி வைத்த ஒரு புது மூங்கில் சிம்பு இருந்தது. வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். அதை ஜன்னலில் நிறுத்திக் கத்தியால் கீறினார்.  முதல் கீறல் விலகிவிட்டது. சிம்பைத் திருப்பி மறுபக்கத்தில் மறுபடி கீறினார். நான் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தேன்.

சிம்பை என் கையில் தந்தார். அன்றைய மணிப் பை இன்னும் பிரிக்காமல் கடையில் இருக்கிறது, ஆனால் இவ்வளவு நாளில் பழுதாகியிருக்கும், புதிதாக எடுப்பிக்க வேண்டும், கொழும்பில் இருந்து எப்போது வருமோ தெரியாது என்று நான் சொன்னேன்.

அதற்கு இராசையா பாஸ் சொன்னார்: "வரட்டும் முதலாளி. இந்தத் தடவ திங்கக்கெழம என்ன, எந்தக் கெழம வந்தாலும் சரி, நான் இந்த வாசல்லயே ஒக்காந்திருக்கேன், புள்ளையப் பாத்துக்கிட்டு."